சீட்டு காத்திருக்குமா?

கல்கத்தாவில் (கொல்கத்தா என்று எழுதக் கை இன்னும் பழகவில்லை, மன்னிக்கவும்) பழைய புத்தகம் தேடி காலேஜ் ஸ்ட்ரீட் போகிறவர்கள் பிரசிடென்சி கல்லூரி வாசலைப் பார்க்காமல் வர முடியாது. 2010 முதல் அது பல்கலைக்கழகம். அங்கிருந்து வடக்கே இருபது நிமிஷம் போல நடந்தால் ஹெதுவா குளம். குளத்தை ஒட்டினாற்போல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நடக்கிற தூரம்தான். இந்தத் தூரத்தைக் கடக்க ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் பிடித்தது. 1916 பிப்ரவரியில் முதல் கல்லூரியை விட்டு வெளியே அனுப்பப்பட்டார். 1917 ஜூலையில்தான் இரண்டாவது கல்லூரிக்குள் நுழைந்தார். பெயர் சுபாஷ் சந்திர போஸ்.

நேதாஜி கதைதானே, தெரியுமே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஓட்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியரை மாணவர்கள் அடித்தார்கள், போஸைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள் என்பது வரைக்கும் நம் எல்லோருக்கும் தெரியும். நீக்கப்பட்ட மாணவன் மறுபடி எப்படி உள்ளே வந்தான் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு இப்போது அந்தப் பகுதிதான் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விசாரணைக் குழுவின் தலைவர் சர் அசுதோஷ் முகர்ஜி. அடித்தது நியாயமா என்று கேட்கிறார்கள். நியாயமில்லை, ஆனால் மாணவர்கள் அந்த அளவுக்குச் சீண்டப்பட்டிருந்தார்கள் என்று பதில் சொல்கிறார் போஸ். அப்போது வயது 19. கல்லூரி நீக்கியது ஒரு பக்கம். வேறு கல்லூரியில் சேர்ந்து படிக்கவும் பல்கலைக்கழகம் அனுமதி தரவில்லை. அந்தக் காலத்தில் கல்லூரிகள் எல்லாம் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழ். மேலே உள்ள கதவை அடைத்துவிட்டால் கீழே எந்தக் கதவும் திறக்காது.

மார்ச் மாதக் கடைசியில் ரயிலேறி கட்டாக் போய்ச் சேர்கிறார். அப்பா ஜானகிநாத் போஸ் அங்கே பெயர் பெற்ற வக்கீல். பையனை வீட்டில் யாரும் குத்திக்காட்டவில்லை. (நம் வீடுகளில் இது நடக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.) அந்த ஒரு வருஷம் போஸ் என்ன செய்தார்? காலராவிலும் அம்மையிலும் விழுந்தவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனார். ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு சேவைக் குழு மாதிரி ஒன்றை நடத்தினார். பிறகு கல்கத்தா திரும்பி, முதல் உலகப் போருக்காகத் திரட்டிய வங்காளிப் படைப்பிரிவில் சேரப் போனார். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் 1937 கடைசியில் ஆஸ்திரியாவில் இருந்தபோது எழுதிய தன்வரலாற்றில் அவரே விவரமாகச் சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்ததே அந்த நீக்கம்தான் என்கிற தொனியில்.

சரி, உள்ளே வந்த கதை. ஒரு வருஷம் கழித்து, ஏதாவது ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டால் படிக்கலாம் என்று பல்கலைக்கழகம் இறங்கி வருகிறது. பங்கபாசி கல்லூரி சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் அங்கே தத்துவத்தில் ஹானர்ஸ் கிடையாது. எனவே ஒரு நாள் காலையில், சிபாரிசுக் கடிதம் எதுவுமில்லாமல் ஸ்காட்டிஷ் சர்ச் முதல்வர் அர்கர்ட்டின் முன்னால் போய் நிற்கிறார். (கல்லூரிக்கு அப்போது பெயர் ஸ்காட்டிஷ் சர்ச்சஸ், 1929-ல்தான் இன்றைய பெயர்.) சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் பிரசிடென்சி முதல்வர் ஆட்சேபம் இல்லை என்று ஒரு குறிப்புத் தர வேண்டும் என்கிறார் அவர். அந்தக் குறிப்பை வாங்கித் தந்தவர் அண்ணன் சரத். பாரிஸ்டர். பிரசிடென்சியில் அதற்குள் முதல்வர் மாறியிருந்தார், அதுவும் சாதகமாகப் போயிற்று.

ஆக மூன்றாம் ஆண்டு வகுப்பில் மறுபடி முதலிலிருந்து. 1919-ல் பி.ஏ. தத்துவத்தில் முதல் வகுப்பு.

இதே மனிதருக்கு இன்னொரு தடவையும் கதவு மூடப் பார்த்தது. ஐ.சி.எஸ். எழுத 1919 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார். அங்கே நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம், கப்பல் தாமதம். அக்டோபர் கடைசியில் லண்டன் போய்ச் சேரும்போது கேம்பிரிட்ஜில் பருவம் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷம் வா என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்தது. வயது வரம்பின்படி அவருக்கு 1920 ஜூலைத் தேர்வு ஒன்றுதான் வாய்ப்பு. ஃபிட்ஸ்வில்லியம் ஹாலின் பொறுப்பாளர் ரெடவே விதியைக் கொஞ்சம் வளைத்து, அந்தப் பருவத்திலேயே சேர்த்துக்கொண்டார். தேர்வில் நான்காவது இடம் வந்ததும், 1921-ல் அந்த வேலையையே தூக்கி எறிந்ததும் நீங்கள் அறிந்தது.

இரண்டு தடவையும் போஸைக் காப்பாற்றியது விதி அல்ல, விதியைத் தளர்த்த மனசு வைத்த ஒரு ஆள். அந்த ஆளின் அறை வரைக்கும் போகத் துணிச்சல் இருந்த பையன். பின்னால் பாரிஸ்டர் அண்ணன், வக்கீல் அப்பா. இந்தக் கணக்கை ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. இதை ஏன் கிளறுகிறேன் என்றால், விஷயம் என் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நுழைவுத்தேர்வு எழுதினாள், வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் கேட்ட படிப்பே கிடைத்தது. தங்கமணி ரசகுல்லா வாங்கி எதிர் வீட்டு முகர்ஜி குடும்பம் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது மகள் சொல்கிறாள்: "அப்பா, ஒரு வருஷம் கழிச்சு சேரட்டுமா? அம்பாசமுத்திரத்துல பாட்டியோட இருக்கணும். தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கணும்."

அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வங்காளம் தண்ணீர் பட்ட பாடு, இந்தி, ஆங்கிலம் சொல்லவே வேண்டாம். தமிழ் பேசுவாள், பேருந்தின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டுவதற்குள் பேருந்து போய்விடும். பாட்டிக்கு 81 வயது. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்த கணக்கு இது. வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏங்க, கெடச்ச சீட்ட விட்டுட்டு யாராவது போவாங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க." பாட்டியிடம் போனில் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். "ஏய்யா, பொம்பளப் பிள்ளையப் படிப்ப நிறுத்திட்டு எங்கூட வந்து உக்காரச் சொல்லுதியா? ஊர்ல என்னய்யா சொல்லுவாக?" என்று எனக்குத்தான் திட்டு.

பல்கலைக்கழகத்துக்கு மகளே மின்னஞ்சல் போட்டாள், சீட்டை ஒரு வருஷம் வைத்திருக்க முடியுமா என்று. பதில் இரண்டு வரி. இந்த ஆண்டின் இடம் இந்த ஆண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு சேர விரும்பினால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கவும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் சேர்க்கை என்பது அந்தந்த வருஷத்துத் தேர்வு, அந்தந்த வருஷத்துத் தரவரிசை, இட ஒதுக்கீட்டுக் கணக்கு, காத்திருப்போர் பட்டியல் என்று போகிறது. ஒருத்தி வராவிட்டால் அடுத்தவருக்கு இடம் போக வேண்டும். பிரிட்டனில் கதை வேறு. அங்கே பல்கலைக்கழகம் ஒரு ஆளைப் பார்த்து இடம் தருகிறது, பல இடங்களில் ஒரு வருஷம் தள்ளி வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. 1958-ல் வி.எஸ்.ஓ. என்ற தொண்டு அமைப்பு தொடங்கியபோது வெளிநாட்டுக்கு அனுப்பியதே பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போவதற்கு முன்னால் இருந்த பிள்ளைகளைத்தான். அந்த வழக்கம்தான் வளர்ந்து கேப் இயர் ஆயிற்று.

இந்தியாவில் கேப் இயரே கிடையாது என்று நினைக்காதீர்கள். கோட்டாவில் போய்ப் பாருங்கள், ஊர் பூராவும் கேப் இயர்தான். அதற்கு இங்கே பெயர் 'டிராப்'. தேர்வுக்காக ஒரு வருஷத்தைக் கொடுத்தால் சமூகம் முதுகில் தட்டும். பாட்டிக்காகக் கொடுத்தால் நோட்டரியிடம் போய் முத்திரைத்தாளில் அஃபிடவிட் எழுதி, இந்த ஒரு வருஷம் என்ன செய்தேன் என்று சத்தியம் பண்ண வேண்டும்.

இதற்கு முன்னால் யாருக்கு இப்படி ஒரு வருஷம் நின்றுபோனது, அவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று ராத்திரிகளில் படிக்க ஆரம்பித்தேன். போஸைத் தேடிப்போன இடத்தில், அதே காலகட்டத்தில், இந்தியாவின் இன்னொரு மூலையைச் சேர்ந்த ஒருவரின் கதை கையில் மாட்டியது. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அதுதான்.

1916-ல் அம்பேத்கர் லண்டனில் இருக்கிறார். அதற்கு முன் மூன்று வருஷம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில். எல்லாம் பரோடா மன்னர் தந்த உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பத்து வருஷம் பரோடாவில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்து, கிரேஸ் இன்னில் சட்டத்துக்கும் பதிந்து, ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்று பரோடா சொல்லிவிட்டது. கையில் காசு இல்லை. பாதிப் படிப்பு.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். கிளம்புவதற்கு முன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கினார். பேராசிரியர் எட்வின் கேனன் துணை நின்றார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. கெடு 1921 அக்டோபர்.

அப்புறம் நடந்தது எதுவும் கேப் இயர் என்ற சொல்லுக்குப் பொருந்தாது. உலகப் போர்க் காலம். புத்தகங்களையும் பெட்டிகளையும் ஏற்றி அனுப்பிய கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்து, ஒப்பந்தப்படி பரோடா போனார். மன்னரின் அலுவலகத்தில் அதிகாரி, ஆனால் ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கியதும், தடிகளோடு வந்து வெளியேற்றியதும் அவரே எழுதி வைத்திருக்கும் வரலாறு. ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு பம்பாய் திரும்பினார். ட்யூஷன் எடுத்தார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஆரம்பித்தார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது, மாதம் 450 ரூபாய். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். இதற்கு நடுவில்தான் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' பத்திரிகை.

இத்தனை நடந்தபோதும் அந்த நான்கு வருஷக் கெடுவை மனிதர் மறக்கவில்லை. 450 ரூபாயில் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார், பார்சி நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920 மார்ச்சில் வேலையை விட்டார், அந்த வருஷமே லண்டன் திரும்பினார். கெடு முடிய இன்னும் ஒரு வருஷம் மிச்சம் இருந்தது. 1921-ல் எம்.எஸ்ஸி., 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் டி.எஸ்ஸி. அந்த ஆராய்ச்சிதான் 'ரூபாயின் பிரச்சினை' பற்றிய அவருடைய நூல்.

போஸுக்கு அண்ணன் இருந்தார். அம்பேத்கருக்கு ஒரு அனுமதி இருந்தது, அதில் தேதி இருந்தது. காசு இல்லை, செல்வாக்கு இல்லை, ஊரில் தங்க அறைகூட இல்லை. ஆனால் எந்த முதல்வரின் மனநிலையையும் நம்பி அவர் லண்டனில் போய் இறங்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி மட்டும் போதாது, மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காசு சேர்க்க வேண்டியிருந்தது என்பதும் வாஸ்தவம். ஆனாலும் அது இல்லாவிட்டால் சேர்த்த காசை வைத்துக்கொண்டு எங்கே போயிருப்பார்?

மூன்றாவது ஆள் பாட்னாக்காரர். இவருக்கு அண்ணனும் இல்லை, அனுமதியும் இல்லை.

1920-ல் காந்தி ஒரு வருஷத்தில் சுயராஜ்யம் என்றார். நிபந்தனைகளில் ஒன்று, அரசுக் கல்லூரிகளை மாணவர்கள் விட்டு வருவது. யோசித்துப் பார்த்தால் இந்திய வரலாற்றிலேயே பெரிய கேப் இயர் அழைப்பு அதுதான். ஒரு வருஷம் கொடு, நாடு கிடைக்கும். சீட்டை வைத்திருக்கச் சொல்லி யாரும் விண்ணப்பம் போடவில்லை. யாரை எதிர்த்து வெளியே வந்தார்களோ அவர்களிடமே எப்படிப் போடுவது?

ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு அப்போது 18 வயது. உதவித்தொகையில் அறிவியல் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தார். 1921 ஜனவரியில் பாட்னாவில் மௌலானா ஆசாத் பேசிய பேச்சைக் கேட்டார். தேர்வுக்கு இன்னும் இருபது நாள் போல இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டார். அதே மாதத்தில் காசியில் இன்னொரு பையன், இறுதித் தேர்வுக்குச் சில மாதம் இருக்கும்போது பள்ளியை விட்டான். அவன் லால் பகதூர். விட்டவர்கள் படிக்கத் தேசியக் கல்விக்கூடங்கள் முளைத்தன: குஜராத் வித்யாபீடம், அலிகாரில் தொடங்கிய ஜாமியா மில்லியா, காசி வித்யாபீடம், பிகார் வித்யாபீடம். லால் பகதூர் காசியில் சேர்ந்து 1925-ல் வாங்கிய பட்டத்தின் பெயர்தான் 'சாஸ்திரி'. அது சாதிப் பெயர் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கல்கத்தாவிலும் ஒரு தேசியக் கல்லூரி. அதற்கு 1921-ல் முதல்வராக வந்தவர் யார் தெரியுமா? ஐ.சி.எஸ்.ஸை உதறிவிட்டுத் திரும்பியிருந்த சுபாஷ் சந்திர போஸ். கல்லூரியை விட்டு நீக்கப்பட்டவர், கல்லூரியை விட்டு வந்தவர்களுக்கு முதல்வர்! அந்த வருஷம் டிசம்பரில் அவரும் சிறைக்குப் போனார்.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவுக்குப் பிறகு காந்தி இயக்கத்தை நிறுத்தினார். சொன்ன ஒரு வருஷம் முடிந்திருந்தது, சுயராஜ்யம் வரவில்லை. பல மாணவர்கள் பேசாமல் அரசுக் கல்லூரிகளுக்கே திரும்பினார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, வீட்டில் அப்பா அம்மா என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று தெரியும். ஜே.பி. பிகார் வித்யாபீடத்தில் இண்டர்மீடியட் முடித்தார். அந்தச் சான்றிதழை அரசுக் கல்லூரிகள் ஏற்காது. காசி இந்துப் பல்கலைக்கழகமும் அரசு மானியம் வாங்குவது என்பதால் அங்கே போக அவருக்கு மனமில்லை. ஆக, இந்தியாவுக்குள் வாசல் இல்லை. 1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி பிரபாவதி இங்கே, சபர்மதி ஆசிரமத்தில்.

அக்டோபரில் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தால், பெர்க்லியில் சேர 1923 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை திராட்சை பறித்தார், காயவைத்தார். பின்னால் பாத்திரம் கழுவினார், பட்டறையில் வேலை செய்தார். பெர்க்லியில் கட்டணம் இரட்டிப்பானதும் அயோவா, அப்புறம் விஸ்கான்சின், அப்புறம் ஒஹையோ. அறிவியல் படிக்கப் போனவர் சமூகவியலில் எம்.ஏ. வாங்கி 1929-ல் ஊர் திரும்பினார். ஏழு வருஷம். ஒரு வருஷம் என்று சொல்லி விட்ட படிப்புக்கு.

அந்த ஏழு வருஷம்தான் ஜே.பி.யை ஜே.பி. ஆக்கியது என்று சொல்லலாம். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குக் கல்லூரியை விட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறத் திராணி இருந்திருக்கும்?

இதே ஜே.பி. 1974 ஜூன் 5 அன்று பாட்னா காந்தி மைதானத்தில் நின்று முழுப் புரட்சி என்றார். அன்றைக்கு மாணவர்களிடம் அவர் கேட்டவற்றில் ஒன்று, கல்லூரியை விட்டுவிட்டு ஒரு வருஷம் கொடுங்கள் என்பது. 53 வருஷத்துக்கு முன்னால் காந்தி தன்னிடம் கேட்டதையே கேட்டார். நிறையப் பேர் இயக்கத்துக்கு வந்தார்கள், சிறைக்கும் போனார்கள். ஆனால் கல்லூரியை ஒரு வருஷம் விடுவதில் அவர் எதிர்பார்த்த அளவுக்குப் பிள்ளைகள் சேரவில்லை. பலர் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தார்கள். கூட்டத்தில் நிற்கலாம், வருஷத்தை விடுவது வேறு விஷயம் என்று அவர்கள் வீட்டிலும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அம்பேத்கருக்கு லண்டன் கொடுத்தது, சேர்ந்த மாணவனுக்குக் கொடுக்கும் விடுப்பு. அவர் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தார். நம் வீட்டில் மகள் கேட்டது, சேராத இடத்தைக் காத்து வைக்கச் சொல்லி. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. தரவரிசையில் வந்த ஒரு எண்ணுக்காக எந்தப் பல்கலைக்கழகமும் காத்திருக்காது. பதிவேட்டில் பெயர் ஏறிய மாணவிக்கு விதிப்புத்தகத்தில் ஏதாவது ஒரு வழி இருக்கும். இங்கேயும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷம் வரைக்கும் முடிக்கலாம். 2020 புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு, இடையில் வெளியேறித் திரும்பி வரலாம் என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. யு.ஜி.சி. 2022-ல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, முதல் வருஷம் முடித்துச் சான்றிதழோடு வெளியேறுகிறவர் மூன்று வருஷத்துக்குள் திரும்பலாம், மொத்தம் ஏழு வருஷத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும். தாளில் அழகாக இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதைத் தனித்தனியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகளிடம் இதைச் சொன்னேன். ஜே.பி. பகுதியைக் கேட்டுவிட்டு, "அப்போ விடுறதுன்னா மொத்தமா விட்டுட்டு வரணும்னு சொல்றீங்களா?" என்றாள். இல்லை கண்ணு, நீ நாட்டுக்காகப் போகவில்லை, பாட்டி வீட்டுக்குப் போகிறாய், நாலு வருஷக் கெடு போட்ட காகிதம் கிடைக்குமா என்று முதலில் பார்ப்போம் என்றேன். அவளுக்கு அதில் முழு திருப்தி இல்லை. பாட்டிக்கு இப்போது 81, அடுத்த வருஷம் 82 என்கிறாள். அதற்கு என்னிடம் வரலாற்றில் பதில் இல்லை.

கடைசியில் அவளும் தங்கமணியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் (என்னைக் கலந்துகொண்டதாக ஞாபகம் இல்லை). இப்போதைக்குச் சேருவது. சேர்வதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்பது. கேள்விகளை அவளே எழுதி அனுப்பிவிட்டாள். முதல் வருஷம் முடித்து இரண்டு செமஸ்டர் விடுப்பு எடுக்கலாமா, எந்த விதியின் கீழ்? திரும்பும்போது அதே துறையில் அதே இடமா? விடுப்புக் காலத்தில் கட்டணம் உண்டா? பாடத்திட்டம் மாறினால் எந்தப் பாடத்திட்டம்? போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும் என்பதால் பதிவாளர் அலுவலகத்துக்கே மின்னஞ்சல். வகுப்பு தொடங்க இருக்கும் மூன்று வாரத்தில் அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று, சென்னை வரைக்கும் கோரமண்டல், அங்கிருந்து நெல்லை. பாட்டி முதலில் வேண்டாம் என்றவர், இப்போது என் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பரணில் இருக்கிறதா என்று ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படி நடுவில் விடுப்பு எடுத்துத் திரும்பிப் போயிருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, ஹாஸ்டல் அறை திரும்பக் கிடைத்ததா, ஸ்காலர்ஷிப் நின்றதா என்று. அந்த இரண்டையும் இன்னும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.